அரிசியை எண்ணாமல் கல்லைக் கண்டெடுப்பது

போன வெள்ளிக்கிழமை எங்கள் பழைய மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "டீச்சர், எங்கட அரிசிக் கதைய நீங்க இன்னும் எழுதல்லையே" என்றார். எழுதுவோம் எழுதுவோம் என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட கதை. இன்று எழுதிவிடுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். கணினி தெரியாதவர்களும் வாசிக்கலாம். சுளகில் அரிசி பார்த்தவர் என்றால் போதும்.

2022 மார்ச் கடைசி. அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன மின்வெட்டு. அப்படி ஒரு நாளில், பாடசாலை விடும் நேரத்தில், பக்கத்துத் தெரு ராத்தா ஒருவர் எங்களைத் தேடி வந்தார். லேஞ்சி முனையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் நகத்தளவு மெமரி காட்.

கமெராவில் இருந்த காட். மகளின் கலியாணப் படங்களும், அதற்குப் பிறகு எடுத்த வீட்டுப் படங்களும் அதில்தான். இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய உம்மா மௌத்தாகிவிட்டார். சின்ன மகன் கமெராவை நோண்டி 'ஃபோர்மட்' அழுத்திவிட்டான். அது தெரியாமல் அதற்குப் பிறகும் ஐந்தாறு படம் எடுத்திருக்கிறார்கள்.

"உம்மாட முகம் இதுக்குள்ளதான் டீச்சர் இரிக்கி. வேற எங்கயும் இல்ல" என்றார்.

'நாங்கள்' என்று இங்கே சொல்வது நான்கு பேரை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த மூன்று மாணவிகளும் அவர்களின் டீச்சரும். இப்படியான வேலைக்கென்றே 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் இருப்பது அன்று எங்கள் நால்வருக்கும் தெரியாது. ஆய்வுகூடத்தில் இணையமும் இல்லை. "பார்ப்போம் ராத்தா" என்று சொல்லி காட்டை வாங்கிக்கொண்டோம். வாங்கிய பிறகுதான் பயம் வந்தது.

முதலில் ஒன்று. ஃபோர்மட் செய்தால் படங்கள் அழிவதில்லை, பெரும்பாலும் பட்டியல்தான் அழிகிறது. நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த இறாக்கையில் என்று எழுதிய பதிவேட்டைக் கிழித்துப் போட்ட மாதிரி. புத்தகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். பதிவேடு இல்லாதபடியால் இறாக்கை இறாக்கையாகப் போய்ப் பார்க்க வேண்டும். புதிய படம் எடுத்தால்தான் பழையதன் மேல் புதியது எழுதப்படும். ஐந்தாறு படம் எடுத்தார்கள் என்றபோது எங்களுக்குத் திக்கென்றது அதனால்தான்.

காட்டின் முழு உள்ளடக்கத்தையும் உபுண்டு போட்டிருந்த ஒரேயொரு கணினியின் வன்தட்டில் அப்படியே பிரதி எடுத்தோம். அரை மணித்தியாலம் போனது. காட்டைத் திரும்ப லேஞ்சியில் முடிந்து வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்தோம்.

32 கிகாபைட் காட். அதாவது 3200 கோடி பைட். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையான ஓர் எண். ஜேபெக் படம் ஒன்று 255, 216, 255 என்ற மூன்று எண்களோடு ஆரம்பிக்கும். 255, 217 என்று முடியும். ஆகவே எங்கள் வேலை இவ்வளவுதான். 3200 கோடி எண்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் 255 எங்கே என்று தேடு. கிடைத்தால் அடுத்தது என்ன என்று பார்.

பாடத்திட்டத்தில் வரிசைமுறைத் தேடல் இருக்கிறது. முதலாவதைப் பார், இல்லையென்றால் இரண்டாவதைப் பார், இல்லையென்றால் மூன்றாவது. கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்ததும் அதுதான், படிப்பித்ததும் அதுதான். மாணவிகள் பத்து நிமிடத்தில் பைதனில் எழுதிவிட்டார்கள். ஒரு லூப், ஒரு 'இஃப்'. பரீட்சையில் எழுதினால் முழுப்புள்ளி.

100 மெகாபைட்டைக் கொடுத்து, கைபேசியில் நேரம் பிடித்தோம். 30 செக்கன். முழுவதுக்கும் கணக்குப் போட்டால் 2 மணித்தியாலம் 40 நிமிடம். அடுத்த நாள் காலையில் மின்சாரம் வந்தவுடன் ஓடவிட்டோம். இரண்டு மணித்தியாலம் கழித்து மின்சாரம் போனது. யூபிஎஸ் இல்லை. எதுவரை தேடினோம் என்று செய்நிரல் எங்கும் எழுதிவைக்கவும் இல்லை. திரை கறுத்தது, நாங்கள் நால்வரும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். முக்கால்வாசி தேடி முடித்த வேலை பூச்சியத்துக்கு வந்துவிட்டது. வெளியே படியில் ராத்தா உட்கார்ந்திருந்தார்.

அன்று இருட்டறையில் இருந்தபடி பேசியதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி.

ஒரு மாணவி, "விட்ட இடத்த எழுதி வச்சா அங்கயிருந்து தொடங்கலாம்" என்றார். சரியான யோசனை, அதைச் சேர்த்தோம். இரண்டாவது மாணவி கொப்பியைப் புரட்டி, "பைதன்ல 'ஃபைன்ட்' எண்டு ஒண்டு இருக்கே டீச்சர், லூப்ப நாங்க எழுதாம அதுக்கிட்ட கேட்டா என்ன?" என்றார். மின்சாரம் வந்ததும் மாற்றிப் பார்த்தோம். 255 எங்கே என்று ஃபைன்டிடம் கேள். அது இடத்தைச் சொன்னால் அடுத்த இரண்டு பைட்டை நாம் பார்ப்போம். இல்லையென்றால் அங்கிருந்து திரும்பக் கேட்போம்.

அதே 100 மெகாபைட். கைபேசியில் விரலை வைத்து எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு செக்கன்கூட இல்லை.

அதே கணினி, அதே எண்கள், அதே கேள்வி. 30 செக்கன் எப்படி ஒரு செக்கனுக்குள் வந்தது? அதுவரை பேசாமல் இருந்த மூன்றாவது மாணவி அதைக் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்கிறோம்" என்றோம். ஆசிரியர் தொழிலில் அடிக்கடி கைகொடுக்கும் வசனம் அது.

அன்றிரவு கைபேசி வெளிச்சத்தில் தேடி வாசித்தோம். காரணம் இரண்டு. முதலாவது எளிது. பைதன் ஒவ்வொரு அடியிலும் நிறையச் சடங்கு செய்கிற மொழி. ஒரு பைட்டைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் அதற்குப் பல வேலை. 'ஃபைன்ட்' அந்தச் சடங்கை விட்டுவிட்டு, ஒற்றைப் பைட்டைத் தேடும் வேலையை சீ மொழியில் 'மெம்சிஎச்ஆர்' என்ற செயற்கூறிடம் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது காரணம்தான் அழகானது. சீ மொழியிலேயே நாம் சாதாரண லூப் எழுதினாலும் மெம்சிஎச்ஆர் அதைப் பல மடங்கு முந்துகிறது. ஏனென்றால் அது ஒவ்வொரு பைட்டாகப் பார்ப்பதே இல்லை.

அடுத்த நாள் கரும்பலகையில் இதை விளக்க முயன்றோம். இன்றைய புரொசெசர் ஒரே தடவையில் எட்டு பைட்டை ஒரே எண்ணாகத் தூக்கக்கூடியது. ஒரு பைட்டைத் தூக்குவதற்கும் எட்டைத் தூக்குவதற்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். எட்டு பேர் போகக்கூடிய வேனில் ஆளுக்கொரு தடவையாக எட்டுத் தடவை ஓடுவது போன்றது எங்கள் பழைய லூப். ஆனால் எட்டையும் ஒன்றாகத் தூக்கினால், உள்ளே 255 இருக்கிறதா என்று எட்டையும் பிரிக்காமல் எப்படித் தெரியும்?

அப்போதுதான் அந்த மூன்றாவது மாணவி சொன்னார். "டீச்சர், எங்கட உம்மம்மா சொளகுல அரிசி பாக்கிற மாதிரியா? அவ ஒவ்வொரு அரிசியா பாக்கமாட்டா. ஒரு பிடிய பரத்திப் போட்டு ஒருக்காப் பாப்பா. கறுப்பா ஒண்டும் கண்ணுல படல்லெண்டா அப்பிடியே தள்ளிருவா. பட்டாத்தான் விரல வைப்பா."

அதேதான். இதைவிட நன்றாக எந்தப் புத்தகத்திலும் நாங்கள் வாசிக்கவில்லை. 'கல் எது?' என்பது இரண்டாவது கேள்வி. 'இந்தப் பிடியில் கல் இருக்கிறதா?' என்பது முதலாவது. அரிசி முழுக்க அரிசிதான், கல் அபூர்வம். ஆகவே பெரும்பாலான பிடிகளுக்குப் பதில் 'இல்லை' என்பதே. அந்த 'இல்லை'யை மலிவாகச் சொல்லத் தெரிந்தால் வேலை முடிந்தது.

சரி, கணினிக்குக் கண் இல்லையே. அது எப்படி ஒரு பிடியை ஒருக்காப் பார்க்கும்? இதற்கு ஒரு கணக்குத் தந்திரம் இருக்கிறது. லெஸ்லி லம்போர்ட் என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி, ஒரு சொல்லுக்குள் பல பைட்களை ஒன்றாக வைத்துக் கணிப்பது பற்றி 1975 இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார். பூச்சியப் பைட்டைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தை 1987 இல் அலன் மைக்ராஃப்ட் என்பவர் பகிர்ந்தார். அது தரம் 3 பிள்ளைகள் கழித்தலில் செய்யும் 'பக்கத்தில் கடன் வாங்குதல்'தான்.

எட்டு பைட்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கின்றன. நாங்கள் தேடுவது 255. முதல் வேலை, எட்டையும் 255 இலிருந்து கழிப்பது. 255 ஆக இருந்தது 0 ஆகும், மற்றவை 0 ஆகாது. (வேறு எண்ணைத் தேடுவதாக இருந்தால் 'எக்ஸ்ஓஆர்' என்ற செயலால் இதே பலனைப் பெறலாம்.) இனிக் கேள்வி, எட்டில் எங்காவது 0 இருக்கிறதா?

இரண்டாவது வேலை, எல்லாவற்றிலும் 1 ஐக் கழிப்பது. கையில் ஒன்றாவது வைத்திருப்பவர் தன்னிடமிருந்து கொடுத்துவிடுவார். 0 வைத்திருப்பவரால் முடியாது. பக்கத்தில் கடன் வாங்கி அவர் 255 ஆகிவிடுவார். 128 உம் அதற்கு மேலும் உள்ள எண்களில் மேல் பிட் என்ற விளக்கு எரியும். ஆகவே கடன் வாங்கியவரின் விளக்கு திடீரென்று எரிகிறது. ஏற்கனவே விளக்கு எரிந்துகொண்டிருந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், புதிதாக எரியும் விளக்குத்தான் எங்கள் கல்.

எல்லாமாகச் சேர்த்து எட்டு பைட்டுக்கு ஐந்தே ஐந்து கணித்தல். கடைசியில் வரும் எண் 0 என்றால், பிடியைத் தள்ளிவிட்டு அடுத்த பிடி. 0 இல்லையென்றால் மட்டும் விரலை வைக்க வேண்டும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. கடன் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் 1 மட்டுமே இருந்திருந்தால், கடனும் கொடுத்துத் தன் பங்கும் கொடுக்க முடியாமல் அவரும் கடன் வாங்குவார். அவருடைய விளக்கும் எரியும், ஆனால் அவர் கல் இல்லை. ஆகவே கடன் தொடங்கிய பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதலில் எரியும் விளக்கை மட்டும்தான் நம்பலாம். நாங்கள் பாவிக்கும் சாதாரணக் கணினிகளில் நினைவகத்தில் முதலில் வரும் பைட்டே அந்தப் பக்கத்தில் இருப்பதால், முதலாவது கல் எப்போதும் சரியாகக் கிடைத்துவிடும்.

மாணவிகள் இதை எட்டுக் கட்டம் கீறி, கையால் செய்து பார்த்தார்கள். விளக்கு எரிந்ததும் ஒரு சத்தம் போட்டார்கள் பாருங்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

ஒரு பைட்டைத் தேடுவது அவ்வளவு அடிக்கடி வரும் வேலை. அதனால் 1976 இல் வந்த இசட் 80 புரொசெசரிலும் 1978 இல் வந்த 8086 இலும் அதற்கென்றே தனிக் கட்டளை இருந்தது. ஆனால் அவை அரிசியை ஒவ்வொன்றாகப் பார்த்தவைதான். பிறகு புரொசெசர் செய்தவர்கள் சுளகையே பெரிதாக்கிவிட்டார்கள். 2000 இல் வந்த பென்டியம் 4 ஒரே கட்டளையில் 16 பைட்டை ஒப்பிட்டது. 2013 இல் 32 ஆனது. எங்கள் ஆய்வுகூடத்தின் பழைய கணினியிலும் அந்த 16 பைட் சுளகு வருடக்கணக்காக உள்ளே இருந்திருக்கிறது. அது தெரியாமல் நாங்கள்தான் அதை ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்க வைத்திருக்கிறோம்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? தாங்களும் சீ மொழியில் எழுத வேண்டும் என்றார்கள். எழுதியது சில வேளை சரியாக ஓடியது, சில வேளை இல்லாத கல்லைக் காட்டியது. தேடிப் பார்த்தால், பைட்களின் மொத்த எண்ணிக்கை எட்டால் வகுபடாதபோது கடைசிப் பிடி எங்கள் சுளகைத் தாண்டி அடுத்தவர் அரிசியையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கடைசியில் மிஞ்சும் ஏழோ அதற்குக் குறைவோ பைட்களை மட்டும் பழைய முறையில் ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தோம். அதன் பிறகு பிழைக்கவில்லை. பழைய முறையும் வீண் போகவில்லை என்று அன்று சொல்லிக்கொடுத்தோம்.

இனி ராத்தாவின் காட்.

ஃபைன்டோடு ஓடவிட்டபோது முழுப் பிரதியும் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அதிலும் பெரும்பகுதி வன்தட்டிலிருந்து வாசிப்பதற்குப் போன நேரம். தேடுவதற்கு அல்ல. கோப்புறை நிரம்பியது. மற்றவர் வீட்டுப் படங்கள், ஆகவே ராத்தாவை உள்ளே கூப்பிட்டு, அவர் சொன்ன பிறகு முதல் பத்தை மட்டும் திறந்தோம்.

பாதி திறக்கவே இல்லை. மீதி முத்திரை அளவு. அத்தனை சின்னதில் யாருடைய முகமும் தெரியாது.

ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. "சின்னதா எண்டாலும் வந்திச்சே" என்று எங்களைத் தேற்றப் பார்த்தார். அதுதான் எங்களுக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

காரணம் தெரிய இன்னும் ஒரு நாள் எடுத்தது. கமெரா ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் அதே படத்தின் குட்டிப் பிரதி ஒன்றை உள்ளே வைக்கிறது. அந்தக் குட்டிக்கும் தன் சொந்த 255, 216 உண்டு, சொந்த 255, 217 உம் உண்டு. நாங்கள் பெரிய படத்தின் தொடக்கத்திலிருந்து குட்டியின் முடிவு வரை வெட்டி, அதைப் படம் என்று வைத்திருக்கிறோம். எவ்வளவு வேகமாகத் தேடினாலும், என்ன தேடுகிறோம் என்று சரியாகத் தெரியாவிட்டால் வேகமாகப் பிழைதான் கிடைக்கும்.

திருத்தம் இரண்டு. ஒன்று, காட் 512 பைட் கொண்ட கட்டம் கட்டமாகத்தான் எழுதப்படுகிறது. எந்தக் கோப்பும் ஒரு கட்டத்தின் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும், நடுவில் ஆரம்பிக்காது. ஆகவே படத்தின் தொடக்கத்தை 3200 கோடி இடத்தில் தேடத் தேவையில்லை. 6 கோடியே 25 இலட்சம் கட்டங்களின் வாசலில் மட்டும் பார்த்தால் போதும். நடுவில் கிடக்கும் குட்டிகளும் இதனால் விலகிவிடும். இரண்டு, படத்தின் தலைப்பகுதி தன் நீளத்தைத் தானே எழுதி வைத்திருக்கிறது. அந்த நீளத்தைத் தாண்டிப் போய், அதற்குப் பிறகுதான் முடிவைத் தேட வேண்டும். முடிவு எங்கும் வரலாம் என்பதால், அங்கே திரும்பவும் சுளகுதான்.

அடுத்த நாள் ராத்தா வந்தபோது 400க்கு மேல் படங்கள் முழு அளவில் இருந்தன. கதிரையைப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு நாங்கள் பின்னால் நின்றோம். கலியாணப் படங்கள் வந்தன. சமையற்கட்டு, பிள்ளைகள், முற்றம். உம்மா தூரத்தில், பக்கவாட்டில், முதுகு காட்டியபடி. பிறகு ஒரு படம். உம்மா வாசலில் கதிரையில் நேராக உட்கார்ந்து கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நெஞ்சுக்குக் கீழே படம் முழுக்கச் சாம்பல் நிறம். புதிதாக எடுத்த ஐந்தாறு படங்களில் ஒன்று அந்தப் பாதியின் மேல் ஏறியிருக்கிறது.

"மற்றப் பாதிய எடுக்க ஏலாது ராத்தா" என்றோம்.

"முகம் வந்திரிக்கி. காணும்" என்றார்.

அதன் பிறகு மின்சாரம் போகும் வரை அவர் அடுத்த படத்துக்குப் போகவில்லை.

அந்த மூன்றாவது மாணவி வகுப்பில் கையுயர்த்தாத பிள்ளை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாங்களும் வரிசையாக ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுக்கொண்டு போய், அவரிடம் வருவதற்குள் மணியடிக்கும் ஆசிரியர்கள்தான். அந்த மாதத்துக்குப் பிறகு பாடம் தொடங்கும் முன் ஒரு தடவை வகுப்பு முழுவதையும் பார்க்கப் பழகினோம். யாருடைய முகமாவது கண்ணில் பட்டால் அங்கே போய் நிற்போம். போன வெள்ளிக்கிழமை தேத்தண்ணி குடிக்க வந்தவர் அவர்தான்.

கடைசியாக ஊரவர்களுக்கு நாலு வார்த்தை. படம் அழிந்துவிட்டது என்று தெரிந்தவுடன் கமெராவையோ போனையோ அதற்கு மேல் பாவிக்காதீர்கள், காட்டைக் கழற்றி வையுங்கள். திருத்துவதற்குக் கொடுத்தால், முதலில் முழுப் பிரதி எடுத்துவிட்டுப் பிரதியில் வேலை செய்யச் சொல்லுங்கள். முக்கியமான படங்களை இன்றைக்கே இன்னோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது இப்படி நடந்தால் பாடசாலை விட்ட பிறகு கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். இப்போது எங்களிடம் ஃபோட்டோரெக்கும் இருக்கிறது, புதிதாக வந்த மூன்று மாணவிகளும் இருக்கிறார்கள்.